லைன் கிளியர்

அலாஸ்காவில் கக்கோனா என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டை வெட்டிச் சரளை கொட்டிய 33 ஏக்கர் நிலத்தில் 180 ஆண்டெனாக் கம்பங்கள் நிற்கின்றன. பன்னிரண்டுக்குப் பதினைந்து என்று கணக்காக நட்ட தென்னந்தோப்பு மாதிரி. ஹார்ப் என்று பெயர். 1993-ல் கட்ட ஆரம்பித்து 2007-ல் முழு அளவை எட்டியது. பணம் போட்டவர்களில் அமெரிக்க விமானப்படையும் கடற்படையும் உண்டு. 2015-ல் இருந்து அலாஸ்கா பல்கலைக்கழகம் நடத்துகிறது. அங்கே நடக்கும் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 2.7 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையை, அதிகபட்சம் 3.6 மெகாவாட் திறனில், வானத்தை நோக்கி அனுப்புகிறார்கள். அது அயனி மண்டலத்தில் உள்ள எலக்ட்ரான்களைச் சூடேற்றுகிறது. என்ன ஆகிறது என்று கருவிகள் பார்க்கின்றன. பிறகு ஸ்விட்சை அணைக்கிறார்கள். மேலே எல்லாம் சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில், பழையபடி ஆகிவிடுகிறது.

அந்த ஸ்விட்சைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிற ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காகத் தொடலாமா? தொட்டால், யாரிடம் சொல்லிவிட்டுத் தொடவேண்டும்?

முதலில், ஏன் தொடவேண்டும் என்ற கேள்வி. தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல் காற்று மிகவும் மெலிந்துபோகிறது. சூரியனின் புற ஊதா ஒளியும் எக்ஸ் கதிர்களும் அங்கே அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிடுகின்றன. அப்படி உதிர்ந்த எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து கிடக்கிற பகுதிதான் அயனி மண்டலம். சிற்றலை வானொலி கண்டம் தாண்டி வந்தது இதில் பட்டுத் திரும்பித்தான். இன்றைக்கு உங்கள் போனில் ஜிபிஎஸ் காட்டும் இடம் சில சமயம் பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. பலூன் எட்டாத உயரம். செயற்கைக்கோள் சுற்றிவரவோ, இதன் கீழ்ப்பகுதி ரொம்பத் தாழ்வு. ராக்கெட் விட்டால் சில நிமிடம் ஊடுருவிப் போகும், அவ்வளவுதான். தரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே நடப்பதையெல்லாம் நடத்துகிறவர் சூரியன். அவரை அணைத்துப் போட முடியாது. காரணம் எது, விளைவு எது என்று பிரித்துப் பார்க்க, நாமே போட்டு அணைக்கிற மாதிரி ஒரு சின்னக் காரணம் வேண்டும். ஹீட்டர் என்று விஞ்ஞானிகள் செல்லமாகச் சொல்லும் இந்த நிலையங்களின் மொத்த நியாயமும் இதுதான். கக்கோனா மட்டுமில்லை. அமெரிக்காவின் பிளாட்வில்லில் 1970-ல் ஒன்று வேலைசெய்ய ஆரம்பித்தது. நார்வேயில் ட்ரோம்சோ அருகே ஒன்று, ரஷ்யாவில் வசில்சுர்ஸ்க் அருகே சுரா என்று ஒன்று. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவிலும் இருந்தது. 2020 டிசம்பரில் அந்தத் தொலைநோக்கியே இடிந்து விழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு வானொலி ரசிகரின் எரிச்சல் மாதிரியான விஷயம் என்பது எனக்குப் பிடித்த தகவல். 1933-ல் நெதர்லாந்தில் டெலகன் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னணியில் லக்ஸம்பர்க் வானொலி மெல்லக் கேட்டது. இரண்டும் வேறு வேறு அலைவரிசை, கலக்கக்கூடாது. பெய்லியும் மார்ட்டினும் அடுத்த ஆண்டு விளக்கம் கொடுத்தார்கள்: லக்ஸம்பர்க்கின் பலமான அலை மேலே உள்ள எலக்ட்ரான்களைத் தன் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஏற்றபடி சூடாக்கி ஆற வைக்கிறது, அந்த வழியாகப் போகும் பெரோமுன்ஸ்டர் அலை, அந்தச் சூட்டின் தடத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு வருகிறது. அதாவது, மனிதர்கள் அயனி மண்டலத்தைத் தொட ஆரம்பித்தது சோதனைக்காக அல்ல. பாட்டு போட்டார்கள், தொட்டுவிட்டார்கள். யாருக்கும் தெரியாது.

சரி, இப்போது மாமா.

திருநெல்வேலியில் இருக்கிற என் மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாட்ஸப்பில் ஹார்ப் அடிக்கடி வரும். புயல் வந்தால் ஹார்ப், நிலநடுக்கம் வந்தால் ஹார்ப், சென்னையில் வெள்ளம் வந்தபோதும் ஹார்ப். அதையெல்லாம் எனக்கு அனுப்பி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். ஒருமுறை நேரில் போயிருந்தபோது உட்கார வைத்து விளக்கினேன். 3.6 மெகாவாட் என்பது நம்ம ஊர் எக்ஸ்பிரஸை இழுக்கிற ஒரு பெரிய மின்சார எஞ்சினின் திறனைவிடக் குறைவு, மாமா. மேலே போய்ச் சேரும்போது அது சதுர மீட்டருக்கு 0.03 வாட் அளவுதான். சூரியன் சதுர மீட்டருக்கு 1361 வாட் கொட்டுகிறது. 45,000-ல் ஒரு பங்கு. மழையும் மேகமும் இருக்கிற உயரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். இந்த அலை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். நிலநடுக்கம் பூமிக்குள்ளே இருந்து வருவது.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அது சின்னதா பெருசான்னு நான் கேக்கலியே மருமவனே. யாருகிட்ட கேட்டுப் பண்ணுனான்னுதான கேக்கேன்?"

அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அனுப்பியதெல்லாம் புயலும் வெள்ளமும். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் வந்த கேள்வி, அனுப்பிய வீடியோக்களைவிட ஆயிரம் மடங்கு நல்ல கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு என்பது ஒன்று. யாரைக் கேட்டு என்பது இன்னொன்று. ஹார்ப் பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் ஒருவர் இரண்டாவதைக் கேட்கிறார். மற்றவர் முதல் கேள்விக்கான பதிலைக் கொடுத்துவிட்டு, விளக்கியாயிற்று என்று எழுந்து போகிறார். கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் புயலும் நிலநடுக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

முதல் கேள்வியையே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் "சின்னது" என்பதும் அவ்வளவு எளிய பதில் இல்லை.

45,000-ல் ஒரு பங்கு என்றால் மேலே ஒன்றுமே நடக்கக்கூடாது. ஆனால் நடக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் ஆளைத் தள்ளுகிற மாதிரி. கையில் பலம் இருக்கவேண்டியதில்லை, சரியான தாளத்தில் தள்ளினால் போதும். அங்கே காற்று மிக மெலிது, எலக்ட்ரானோ மிக இலேசு. பிளாஸ்மாவின் சொந்த அதிர்வெண்ணுக்குப் பொருத்தமான அலையைக் கொடுத்தால் அது வாங்கிக்கொள்கிறது. பிளாட்வில்லில் முதலில் எதிர்பார்த்தது வெறும் சூடு. நடந்தது வேறு: மேலே காந்தப்புலக் கோடுகளின் வழியே நீளநீளமான ஒழுங்கற்ற திட்டுகள் உருவாகி, வேறு அலைகளைச் சிதறடித்தன. யாரும் அதைக் கணித்திருக்கவில்லை. 2004-ல் ஹார்ப் இன்னும் முழுதாகக் கட்டப்படாத நிலையில், இயல்பாக எழுந்த துருவ ஒளிக்குள் அலையைச் செலுத்தியபோது வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய பச்சைப் புள்ளிகள் தோன்றின. பெடர்சனும் கெர்கெனும் அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்கள். மனிதர்கள் தரையிலிருந்து ஒரு அலையை அனுப்பி, நூறு கிலோமீட்டருக்கு மேலே வானத்தில் பொட்டு வைத்திருக்கிறார்கள். அணைத்ததும் போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. ஒருமுறையாவது அதைப் பார்க்கவேண்டும்.

ஆனால் கவனியுங்கள். அது சின்னதுதான், அழிந்துவிடுவதுதான் என்று இன்றைக்கு அரை நூற்றாண்டுச் சோதனைகளின் பலத்தில் சொல்கிறோம். முதல் ஸ்விட்சைப் போட்டவருக்கு அந்தப் பலம் கிடையாது. சின்னது என்று தெரிந்துகொள்ளவே ஒருமுறை செய்து பார்க்கவேண்டியிருக்கிறது. செய்து பார்ப்பதற்கு முன்னால் கையில் இருப்பது கணக்கு மட்டும். கணக்குகளின் வரலாறு அவ்வளவு நல்லதாக இல்லை.

1958-ல் அமெரிக்கா தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, வளிமண்டலத்துக்கு வெளியே, மூன்று சிறிய அணுகுண்டுகளை வெடித்தது. ஆர்கஸ் என்று பெயர். வெடிப்பில் வரும் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொள்கின்றனவா என்று பார்க்க. சிக்கின. கொஞ்ச காலத்தில் மறைந்தும் போயின. முழுக்க ரகசியம், அடுத்த ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' எழுதித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1962 ஜூலை 9 அன்று ஸ்டார்ஃபிஷ் பிரைம். பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன். இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. 1400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, வானம் நிறம் மாறியது. உருவான கதிர்வீச்சுப் பட்டை எதிர்பார்த்ததைவிட மிகப் பலமாக இருந்தது, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அதில் அடிபட்டுச் செயலிழந்தது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1-ம் அடிவாங்கியது. அது அப்போது மூன்று மாதம்கூட நிறையாத குழந்தை.

1963-ல் வெஸ்ட் ஃபோர்ட். சூரியன் கோபப்பட்டால் அயனி மண்டலம் கலங்கிவிடும், ராணுவச் செய்தி போகாது. அதனால் நாமே ஒரு நம்பகமான அயனி மண்டலத்தைச் செய்துவிடலாம் என்று எம்ஐடியின் லிங்கன் ஆய்வகம் நினைத்தது. தலைமுடி போல மெல்லிய, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான செப்பு ஊசிகள் 48 கோடியை 3500 கிலோமீட்டர் உயரத்தில் கொட்டினார்கள். ரேடியோ வானியலாளர்கள், குறிப்பாக பிரிட்டனில், கடுமையாக எதிர்த்தார்கள். சூரிய ஒளியின் அழுத்தமே சில ஆண்டுகளில் ஊசிகளைக் கீழே தள்ளிவிடும் என்று ஆய்வகம் சொன்னது. பெரும்பாலும் அப்படியே நடந்தது. பிரியாமல் கட்டியாக ஒட்டிக்கொண்ட சில ஊசிக் கொத்துகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ஆர்கஸ் சொல்லாமல் செய்தது, விளைவு பெரிதில்லை. ஸ்டார்ஃபிஷ் சொல்லிவிட்டுச் செய்தது; விளைவு பெரிது. வெஸ்ட் ஃபோர்டில் சொன்னார்கள், எதிர்ப்பும் வந்தது, மீறிச் செய்தார்கள், கணக்கும் ஏறத்தாழச் சரியாக வந்தது. எவ்வளவு என்பதும் யாரைக் கேட்டு என்பதும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. ஒன்று நன்றாக முடிந்தது என்பதற்காக மற்றது மன்னிக்கப்படுவதில்லை. வெஸ்ட் ஃபோர்டு ஊசிகள் விழுந்துவிட்டன என்பது, லவலும் மற்ற வானியலாளர்களும் வீணாகக் கத்தினார்கள் என்று ஆக்கிவிடாது. அவர்கள் கேட்டது, எல்லோருடைய வானத்தில் ஒரு நாட்டின் ராணுவ ஆய்வகம் எந்த உரிமையில் கொட்டுகிறது என்று. அதற்கு ஊசியின் எடையைப் பதிலாகச் சொல்ல முடியாது.

ஹார்ப்புக்கு வருவோம். முதல் கேள்வியில் அது நன்றாகவே தேறுகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவதில் நீண்ட காலம் அது சரியாக நடந்துகொள்ளவில்லை. 1999 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தில், ஹார்ப்பின் சட்ட, சூழல், அறம் சார்ந்த விளைவுகளைச் சுதந்திரமான அமைப்பு ஆராயவேண்டும் என்று கேட்டது. விசாரணைக்கு ஆள் அனுப்ப அமெரிக்கத் தரப்பு திரும்பத் திரும்ப மறுத்ததற்கு வருத்தமும் தெரிவித்தது. அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் மாமாவிடம் சொன்ன அதே 0.03 வாட்டை யாரோ ஒருவர் பிரஸ்ஸல்ஸில் சொல்லியிருப்பார். அவ்வளவுதான். சொல்லவில்லை.

நோக்கமும் வெறும் அறிவுத் தேடல் மட்டுமில்லை. துருவப் பகுதியின் மேலே இயல்பாக ஓடும் மின்னோட்டத்தை ஹீட்டரால் ஏற்றி இறக்கினால், அந்த மின்னோட்டமே ஒரு பெரிய ஆண்டெனா போல மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை உமிழும். கடலுக்கு அடியில் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப அந்த அலைதான் உதவும். கடற்படை பணம் போட்ட காரணம் புரிகிறதில்லையா? 2014-ல் அமெரிக்க செனட் குழு முன்பு விமானப்படை அதிகாரி ஒருவர், ஹார்ப் அயனி மண்டலத்துக்குள் ஆற்றலைச் செலுத்தி அதைக் கட்டுப்படுத்துவதற்காக உருவானது, இனி வேறு வழிகளுக்குப் போகிறோம் என்ற பொருளில் பேசினார். கட்டுப்படுத்துவது. விஞ்ஞானிகள் ஆராய்வது என்று எழுதிய இடத்தில், பணம் கொடுத்தவர் கட்டுப்படுத்துவது என்று சொல்கிறார். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், சில பத்துக் கிலோமீட்டர் அகலத்தில், சில நிமிடத்துக்கு எலக்ட்ரானைக் கட்டுப்படுத்துவதற்கும் புயலைக் கட்டுப்படுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவர் மனதில் மடுவா இருக்கும்?

சதிக்கதைகளை நம்புகிறவர்களை முட்டாள் என்று சொல்வது எளிது. அவற்றால் வரும் தீங்கும் விளையாட்டில்லை. 2016-ல் ஹார்ப்பைத் தாக்கத் திட்டமிட்டதாக அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இரண்டு பேர் துப்பாக்கிகளோடு கைதானார்கள். அங்கே வேலை செய்கிற பட்டமேற்படிப்பு மாணவருக்கு ஆர்கஸ் நடந்தபோது அப்பாகூடப் பிறந்திருக்க மாட்டார். பழைய ரகசியங்களின் கடனை அவர் அடைக்கவேண்டி வருகிறது. எனக்கு அவர்மேல்தான் அனுதாபம். ஆனாலும் கடன் வாங்கப்பட்டது என்பதை மறுக்க முடியவில்லை.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி. சரி, கேட்கவேண்டும் என்றால் யாரைக் கேட்பது? 1973 மே மாதம் ஸ்கைலாப் நிலையத்தை ஏற்றிச்சென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் புகை, ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் ஆரத்துக்கு அயனி மண்டலத்தில் பெரும் ஓட்டை போட்டது. புகையில் இருந்த நீராவியும் ஹைட்ரஜனும் அங்கே அயனிகளும் எலக்ட்ரான்களும் மீண்டும் சேர்ந்துவிடுவதை வேகப்படுத்திவிட்டன. ஹார்ப் தன் வாழ்நாளில் செய்யாத அளவு. யாரையும் கேட்கவில்லை, யாரும் கோபப்படவும் இல்லை. ராக்கெட்டுக்குக் கைதட்டினோம். இப்போது வாரத்துக்குப் பல ராக்கெட்டுகள் போகின்றன, சிலவற்றின் பின்னால் சிவப்பு ஒளியாக அந்த ஓட்டை தெரிகிறது. அதைப் படம் எடுத்து லைக் வாங்குகிறோம். வானத்தைக் கெடுப்பதுதான் கவலை என்றால், மாமாவின் வாட்ஸப்பில் ஸ்கைலாப் ஏன் வரவில்லை?

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவினுடையது, உள்ளே பிரான்ஸிலிருந்து வந்த சோடியம் ஆவி. மாலை வெளிச்சத்தில் அந்த ஆவி வானத்தில் ஆரஞ்சு மேகமாகப் படர்ந்தது. மேலே காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்க. பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போவதால்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடம் மீனவர்களின் ஊர், நடுவில் தேவாலயம். விக்ரம் சாராபாய் ஆயரிடம் போய்க் கேட்டதையும், ஆயர் ஞாயிறு பூசையில் மக்களிடம் கேட்டதையும், அவர்கள் ஆமென் சொன்னதையும் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். நெகிழ்ச்சியான கதைதான். நிலத்துக்குக் கேட்டார்கள். மேலே படர்ந்த மேகத்துக்கு யாரையும் கேட்கவில்லை. அது தும்பாவுக்கு மட்டும் மேலே இல்லையே. கேட்டிருக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்க யாரும் இல்லை என்பதைச் சொல்கிறேன். நிலத்துக்கு ஊர் உண்டு, ஆயர் உண்டு, பட்டா உண்டு. நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்துக்கு எந்த ஊர்?

எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்றால் லக்ஸம்பர்க் வானொலி பாட்டே போட்டிருக்க முடியாது. தொடாத வானம் என்று ஒன்று 1933-லேயே இல்லை.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கம்பத்தில் ஏறவேண்டுமென்றால் எல்.சி. வாங்கவேண்டும், லைன் கிளியர். சப்ஸ்டேஷனில் பதிவேட்டில் எழுதவேண்டும்: யார் வாங்கியது, எந்த ஃபீடர், எத்தனை மணிக்கு. வேலை முடிந்ததும் வாங்கிய ஆளே திருப்பிக் கொடுக்கவேண்டும், அப்போதுதான் கரண்ட் விடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், எந்தெந்த ஊர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று. "ஒருத்தன்கிட்டயும் சம்மதம் கேக்க மாட்டோம். கேட்டா எவன் குடுப்பான்? ஆனா சொல்லிருவோம். மாவாட்டுதவ ஆட்டி வச்சுக்கிடுவா. மணி ரெண்டுக்கு வரும்னு போட்டுட்டு அஞ்சு வரைக்கும் வரலேன்னா ஆபீசுக்கு போனு போட்டுக் கிழிப்பான். எவன் எல்.சி. வாங்கினான்னு ரிஜிஸ்டர்ல பேரு இருக்கும்லா."

சம்மதம் கேட்க முடியாத இடத்தில் அதற்குப் பதிலாக என்ன நிற்க முடியும் என்று தத்துவப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தேன். சப்ஸ்டேஷன் பதிவேட்டில் கிடைத்தது. முன்கூட்டிச் சொல்வது. நேரம் குறிப்பது. பெயர் போடுவது. திரும்பப் பழையபடி ஆக்க முடிகிறதை மட்டும் செய்வது, எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்பது என்பது அதுதானே. ஸ்டார்ஃபிஷ் வெடித்தவர்களால் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கக்கோனாவில் ஒவ்வொரு முறையும் முடிகிறது.

பல்கலைக்கழகம் கைக்குப் போனபின் ஹார்ப் ஏறத்தாழ இந்த வழிக்கு வந்திருக்கிறது. சோதனை நடக்கும் நாட்களை முன்கூட்டி வெளியிடுகிறார்கள். விமானங்களுக்கு எச்சரிக்கை போகிறது. அமெச்சூர் ரேடியோக்காரர்களைக் கேட்டுப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். எழுதியவர்களுக்கு அட்டை அனுப்புகிறார்கள். 2016-ல் இருந்து பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நாட்கள் உண்டு. 2019-ல் அமாண்டா டான் கிறிஸ்டி என்ற கனடியக் கலைஞர் அங்கிருந்து தன் படைப்பை அயனி மண்டலத்துக்கு ஒலிபரப்பினார். அறிவுக்காகத் தொடலாம் என்றால் கலைக்காகத் தொடலாமா என்று அது ஒரு தனிக் கேள்வி. எனக்கு அதில் மறுப்பில்லை. நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புவதைவிட நல்ல காரணமாகவே தெரிகிறது.

ஆனால் இந்தப் பதிவேட்டு நியாயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மின்தடை அறிவிப்பைப் பார்த்துத் திட்டுவதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. வானத்துக்கு அந்த அலுவலகம் எது? 1967-ன் விண்வெளி ஒப்பந்தம், ஒரு நாட்டின் வேலை மற்ற நாடுகளின் விண்வெளி வேலையைக் கெடுக்கக்கூடும் என்றால் கலந்து பேசவேண்டும் என்கிறது. அரசும் அரசும் பேசிக்கொள்வது அது. 1977-ல் வந்த இன்னொரு ஒப்பந்தம், சூழலை மாற்றும் நுட்பங்களைப் பகை நோக்கத்தோடு பயன்படுத்தத் தடை போடுகிறது. அயனி மண்டலமும் அதில் அடங்கும். ஆனால் விளைவு பரவலாகவோ, நீடித்ததாகவோ, கடுமையாகவோ இருந்தால்தான் தடை. பரவல் என்றால் பல நூறு சதுர கிலோமீட்டர், நீடித்தல் என்றால் மாதக்கணக்கு என்று விளக்கமும் வைத்திருக்கிறார்கள். சட்டமும் கடைசியில் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. யாரைக் கேட்டு என்று கேட்க அதற்கு வாய் இல்லை. அமைதி நோக்கம் என்று சொல்லிவிட்டால் அதையும் கேட்காது.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 மே 8 முதல் 10 வரை ஹார்ப் ஒரு சோதனை நடத்தியது. விண்வெளிக் குப்பையைக் கண்டுபிடிக்க இந்த அலை உதவுமா என்று பார்க்க. வழக்கம்போல முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மே 10 அன்று இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. துருவ ஒளி எங்கெங்கோ இறங்கி வந்தது; லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது. உடனே உலகம் முழுக்க ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது: ஹார்ப் வெளியிட்ட அதே அறிவிப்பு, தேதி வட்டமிட்டு. பார்த்தாயா, அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒளிக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் விளக்கம் கொடுத்தது. ரகசியமாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது என்று அங்கே யாராவது அன்றைக்கு நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. சொல்லாமல் செய்தவர்கள் சேர்த்துவைத்த சந்தேகம், சொல்லிவிட்டுச் செய்கிறவர்களின் அறிவிப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டது.

அந்தப் படம் மாமாவிடமிருந்தும் வந்தது. கேள்விக்குறியோடு. போன் செய்தேன். சூரியனில் இருந்து கிளம்பியதை நாலைந்து நாளாகவே எல்லா நாட்டுத் தொலைநோக்கிகளும் பார்த்துக்கொண்டிருந்தன என்று ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தினார்.

"அது சரி மருமவனே. இந்த நோட்டீசு அவனே போட்டதா?"

"அவங்களே போட்டதுதான் மாமா. முன்னாடியே."

"எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியும்னு தேதி போட்டிருக்கானே."

"ஆமா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது எப்பன்னும் போடுவானா?" என்றார்.